ஐந்து கியரைக் கழட்டி ஆறு கியர் பூட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கிளிநொச்சியில் உங்களிடம் ஒரு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் இருக்கிறது, 2001 ஜிடிஏ, ஜப்பானிலிருந்து வந்தது. டர்போவைப் பெரிதாக்கி ஈசியூவும், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினியும், டியூன் செய்திருக்கிறீர்கள். மூன்றாம் கியர் பல் உடைந்துவிட்டது, அதுவும் இரண்டாம் தரம். கொழும்பில் ஒருவரிடம் எஸ்டிஐ (இதே காரின் பலம் கூடிய வகை) ஆறு கியர் பொக்ஸ் ஒன்று கிடக்கிறது, "பொக்ஸை மட்டும் கொண்டுபோய்ப் பூட்டுங்கோ, அப்படியே இருக்கும்" என்கிறார். எடுக்கலாமா, அல்லது பழைய ஐந்து கியரையே திரும்பவும் திருத்தலாமா?

எடுக்கலாம். ஆனால் பொக்ஸை மட்டும் எடுக்க வேண்டாம். முழு செட்டாகக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள், அதுவரை பழையதைத் திருத்தி, டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், பொக்ஸை மட்டும் வாங்கிப் பூட்டி, வாங்கிய பொக்ஸையும் இழந்த காரை நான் கையால் கழட்டியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஐந்து கியர் ஏன் உடைகிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆறையும் உடைப்பீர்கள். சுபாருவின் ஐந்து கியர் பொக்ஸுக்கு டீவை75 என்று பெயர், ஆறு கியருக்கு டீவை85. அந்த 75, 85 என்பது உள்ளே இருக்கிற இரண்டு தண்டுகளுக்கும் இடையிலான தூரம், மில்லிமீற்றரில். பத்து மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் தண்டுகள் தள்ளிப் போகும்போது பற்சக்கரங்கள் பெரிதாகின்றன, பெரிய சக்கரத்தில் அதே முறுக்கு விசைக்குப் பல்லில் விழுகிற அழுத்தம் குறைகிறது. 75ஐ 85ஆல் பிரித்துப் பாருங்கள், 0.88 வரும். அதாவது வேறு ஒன்றையும் மாற்றாமல் தண்டைத் தள்ளி வைத்ததிலேயே பல்லின் சுமை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் பல்லின் அகலமும் கூட, தண்டின் தடிப்பும் கூட, வெளி உறையும் விறைப்பு. ஆறு கியரின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கியர் கூட இருக்கிறது என்பதில் இல்லை.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆறு என்றால் ஐந்தைவிடப் பலம் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் கனபேர். மிட்சுபிஷி லான்சர் எவோ 8இல் ஜப்பானில் ஆறு கியர் கொடுத்தார்கள், ஆனால் பலத்துக்கு ஓடுகிறவர்கள் அதே காரின் ஐந்து கியரைத்தான் தேடிப் போகிறார்கள், ஏனென்றால் அங்கே ஐந்துதான் தாங்கும். ஒரே அளவு உறைக்குள் இன்னொரு சோடிச் சக்கரத்தை நுழைத்தால் ஒவ்வொரு சக்கரமும் மெலியத்தான் வேண்டும். சுபாருவில் அப்படிச் செய்யாமல் பொக்ஸையே புதிதாகப் பெரிதாகச் செய்தார்கள். டொயோட்டா சுப்ரா ஜேஇசட்ஏ80 டர்போவில் வந்த கெட்ராக் வி160ஐயும் நிசான் ஜிடிஆர் ஆர்34இல் வந்த கெட்ராக் ஆறு கியரையும் ஆட்கள் விலை கொடுத்துத் தேடுவதும் இதே காரணத்துக்குத்தான், பெரிய டோர்க்குக்கென்றே, அதாவது முறுக்கு விசைக்கென்றே, செய்யப்பட்ட பொக்ஸ்கள் அவை.

சரி, மூன்றாம் கியர் ஏன்? உங்கள் காருக்கு நாலு சக்கரத்துக்கும் இழுவை. பின் சக்கர இழுவைக் காரில் டோர்க் கூடினால் ரயர் சறுக்கும், அந்தச் சறுக்கல் கியர்பொக்ஸைக் காப்பாற்றும். உங்களுக்கு அது இல்லை, நாலு ரயரும் தார் வீதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், விசை போக இடமில்லாமல் பல்லிலேயே இறங்கும். முதலாம், இரண்டாம் கியரில் டர்போ முழுசாக ஊதுவதற்குள் அடுத்த கியருக்குப் போய்விடுகிறீர்கள். மூன்றில்தான் கால் முழுக்க அழுத்தியபடி டர்போ கீழிருந்து மேல்வரை ஏறுகிறது. சரிவாக வெட்டிய பற்கள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளும், தண்டுகள் ஒரு மயிரிழை விலகி வளையும், பல் முழு முகத்தோடு பொருந்தாமல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு சுமையைத் தூக்கும். நுனி களைத்துப் போய் உடைகிறது. நீங்கள் உடைந்த பல்லைப் பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள், அது அடியோடு போவதற்கு முதல் ஒரு ஓரம் மினுங்கிக்கொண்டு தேய்ந்திருக்கும், மற்ற ஓரம் தொடவே இல்லை என்பது போல மங்கலாக இருக்கும். அந்த மினுக்கம்தான் தண்டு வளைந்ததற்குச் சாட்சி.

உங்கள் கார் ஜப்பானில் வெளியே வந்தபோது 250 குதிரை வலு, 333 நியூட்டன் மீற்றர் டோர்க். அந்த அளவில் ஐந்து கியர் வருடக்கணக்கில் ஓடும். என் கை அனுபவத்தில் 400 நியூட்டன் மீற்றருக்குக் கிட்டப் போனதும் அது சாரதியின் காலில்தான் உயிர் வாழ்கிறது. மெதுவாகக் கிளச்சை விட்டு, மூன்றில் 3,000 சுற்றுக்கு மேல் வந்த பிறகு படிப்படியாக மிதிக்கிறவர் கையில் அதே பொக்ஸ் தாங்கும். 5,000 சுற்றில் வைத்து கிளச்சைச் சட்டென்று விடுகிறவர் கையில் ஒரு பின்னேரம்கூடத் தாங்காது. அதனால்தான் டியூன் செய்தவரிடம் போய்க் கேளுங்கள், இரண்டிலும் மூன்றிலும் டர்போ அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று. உச்ச டோர்க்கைக் குறைக்காமலேயே ஏற்றத்தை மட்டும் மெதுவாக்கலாம், அதில் உங்களுக்கு ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பொக்ஸுக்குத் தெரியும். இன்னொன்று, ஸ்பிரிங் இல்லாத பந்தயக் கிளச் தட்டுப் போட்டிருந்தால் உடனே கழட்டுங்கள். தட்டின் நடுவில் இருக்கிற ஸ்பிரிங்தான் முதல் அடியை வாங்குகிறது, அது இல்லாவிட்டால் அந்த அடி அப்படியே பல்லுக்குப் போகும்.

இனி செட் என்றால் என்ன என்பதற்கு வருகிறேன், இதுதான் இந்தப் பதிலின் முக்கால்வாசி.

சுபாருவின் கியர்பொக்ஸுக்குள் கியர் மட்டும் இல்லை. முன் டிஃபரன்சியல் (விசையை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரத் தொகுதி, சுருக்கமாக டிஃப்) அதற்குள்ளேயே இருக்கிறது, நடு டிஃபரன்சியலும் அதன் வாலில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வருகிற விசை கியர் வழியாகப் பின்னுக்குப் போய், நடு டிஃப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு உட்தண்டு வழியாகத் திரும்பி முன்னுக்கு வருகிறது, மற்றப் பங்கு புரொப்பெலர் ஷாஃப்டில் பின் டிஃப்புக்குப் போகிறது. ஆகவே பொக்ஸை மாற்றும்போது முன் டிஃப்பின் விகிதத்தையும் சேர்த்து மாற்றுகிறீர்கள். பின் டிஃப் காரில் பழையபடியே கிடக்கிறது. இரண்டு விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பான் டர்போ இம்ப்ரெசாக்களில் 4.444 அடிக்கடி காணலாம், எஸ்டிஐ ஆறு கியரின் முன் விகிதம் 3.90. இந்த இரண்டையும் ஒரே காரில் பூட்டினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற முன்பக்கம் 3.9 சுற்றுக் கேட்கிறது, பின்பக்கம் 4.44 சுற்றுக் கேட்கிறது. வித்தியாசம் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். உங்கள் ரயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர் அளவு போகும், அப்போது ஒரு கிலோமீற்றருக்கு 500 சுற்று, நடு டிஃப் 270 சுற்று வீணாக உரசிக்கொண்டே வரும். நேர் வீதியில், வளைவே இல்லாமல்.

முதலில் சொன்னேனே ஒரு கார், அது இதுதான். வவுனியாவில் பூட்டி முடித்து, வீட்டுக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்துப் பார்த்து, சந்தோசமாக ஏ9 வீதியில் கிளிநொச்சிக்குப் புறப்பட்டார்கள். புளியங்குளம் தாண்டும்போது கார் பிரேக் பிடித்தது போல இழுத்தது என்று சொன்னார்கள். மாங்குளம் சந்தியில் நிறுத்தியபோது வாலிலிருந்து புகை. என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். வால் உறையைக் கழட்டினேன், ஒயில் தேங்காய் எண்ணெய் கருகின மாதிரி மணத்தது, தார் போலக் கறுப்பு. நடு டிஃப்பின் விஸ்கஸ் கப்ளிங் (தடித்த திரவத்தால் இரண்டு பக்கத்தையும் பிணைக்கிற உறுப்பு) நீலம் பாய்ந்து இறுகிப்போய் இருந்தது, கையால் திருப்ப முடியவில்லை. பொக்ஸ் விற்றவர் பொய் சொல்லவில்லை, பொக்ஸ் நல்ல பொக்ஸ்தான். பூட்டினவரும் நல்ல வேலைக்காரர், போல்ட் ஒன்றுகூடத் தளர்வில்லை. கணக்கை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுடைய ஊர் மெக்கானிக்குகள் பொருந்தாததைப் பொருத்துவதில் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராதபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய கைகள் அவை. அந்தக் கைகளிடம்தான் நான் தொழில் பழகினேன். ஆனால் கார்புரேட்டரை அரத்தால் ராவி இணக்கலாம், பல் எண்ணிக்கையை இணக்க முடியாது. 39க்கு 10 பல்லுள்ள சோடி (3.90), 40க்கு 9 பல்லுள்ள சோடிக்கு (4.444) வளைந்து கொடுக்காது. இந்த ஒரு இடத்தில் மட்டும் "பூட்டிப் பார்ப்பம்" என்கிற பழக்கத்தை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சு. ஆறு கியரில் எல்லாமே பின்னுக்கு 3.90 கேட்காது. சிலவற்றில் வாலில் இருக்கிற மாற்றுச் சோடி (விசையைப் பின்னுக்குக் கொடுக்கிற பற்சக்கரச் சோடி) 1.1 விகிதம், அதற்குப் பின் டிஃப் 3.545 வேண்டும். 3.545ஐ 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள், 3.90 வரும், ஆகவே கணக்குச் சரி. மாற்றுச் சோடி ஒன்றுக்கு ஒன்று என்றால் பின் டிஃப் 3.90. இரண்டு பொக்ஸும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். விற்கிறவர் சொல்வதை நம்ப வேண்டாம், பொய் சொல்வார் என்பதற்காக இல்லை, அவருக்கே தெரியாது என்பதற்காக. எண்ணிப் பாருங்கள். பின் டிஃப் தரையில் கிடந்தால் இரண்டு பக்க வெளித்தண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள், முன்னால் இருக்கிற பிளேஞ்சில் ஒரு சோக்கட்டிக் கோடு போட்டுவிட்டு அது எத்தனை தரம் சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். 39 என்றால் 3.90, முப்பத்தைந்தரைக்குக் கிட்ட என்றால் 3.545, நாற்பத்து நாலரைக்குக் கிட்ட என்றால் 4.444. விஸ்கஸ் நடு டிஃப் உள்ள பொக்ஸ் என்றால் பொக்ஸையும் அதே மாதிரி எண்ணலாம், நியூட்ரலில் வைத்து முன் வெளித்தண்டு இரண்டையும் ஒன்றாக மெதுவாகச் சுற்றினால் வாலும் கூடவே சுற்றும். அதில் வருகிற எண்ணும் டிஃப்பின் எண்ணும் ஒன்றாக இருந்தால் காசைக் கொடுங்கள். காரில் இருக்கிற டிஃப்பை எண்ணுவதென்றால் பின்பக்கத்தைத் தூக்கி, பொக்ஸை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்து மற்றதை இருபது சுற்றுச் சுற்ற வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் நின்றால் உள்ளே பாதிதான் சுற்றும். எல்எஸ்டி டிஃப் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற வகை) என்றால் இந்த வழி சரிவராது, கழட்டித்தான் எண்ண வேண்டும்.

இப்போது செட்டில் வர வேண்டியவை. ஆறு கியர் உங்களுடைய ஐந்தைவிட நீளம், அதனால் புரொப்பெலர் ஷாஃப்ட் எஸ்டிஐக்கு உரியதாகவே இருக்க வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டாம். வெட்டி ஒட்டிப் பலன்ஸ் பார்க்காத ஷாஃப்ட் நூறு கிலோமீற்றர் வேகத்தில் நடுத் தாங்கியைத் தின்றுவிடும். பொக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் வேறு. கியர் தடியும் அதன் இணைப்பும் வேறு, ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்க வேண்டும், அதற்குள் ஒரு கேபிள் ஓடுகிறது, அது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், சின்னச் சாமான்தான் ஆனால் தனியாகத் தேடினால் கிடைக்காது. கிளச் 240 மில்லிமீற்றர், உங்களுடையது 230, ஆகவே பிளைவீலும் கிளச் செட்டும் மாற வேண்டும், விடுவிக்கிற முள்ளும் பேரிங்கும் பொக்ஸோடு சேர்த்து வாங்குங்கள். பின் டிஃப் எஸ்டிஐயில் ஆர்180, உங்களுடையது ஆர்160. ஆர்180 எடுத்தால் அதன் பின் ஆக்சில்களும் தாங்குகிற சட்டமும் சேர்ந்து வர வேண்டும், ஆக்சிலின் வெளி நுனி உங்கள் ஹப்புக்குள் போகுமா என்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முன் ஆக்சில்களுக்கும் அப்படியே. கடையில் வைத்தே உங்கள் பழைய ஆக்சில் ஒன்றைக் கையில் கொண்டுபோய் நுழைத்துப் பார்ப்பதைவிடச் சுகமான வழி ஒன்றும் இல்லை, நான் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது எப்போதும் பழைய சாமானை ஒரு உரப்பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்.

கையில் காசு குறைவென்றால் ஒரு நடுவழி உண்டு. 1.1 மாற்றுச் சோடி உள்ள பொக்ஸ் கிடைத்தால், 3.545 விகித ஆர்160 டிஃப் ஒன்றைத் தேடிப் பூட்டி, உங்கள் பின் ஆக்சில்களையே பாவிக்கலாம். ஆர்160 ஒன்றும் காகிதம் இல்லை, கிளச்சை அடித்து விடாமல் ஓட்டுகிறவருக்கு அது போதும். பிறகு காசு வரும்போது ஆர்180க்குப் போகலாம்.

நடு டிஃப் விசயத்தில் ஒரு எச்சரிக்கை. கொழும்பில் கிடப்பது டிசிசிடி உள்ள பொக்ஸா என்று கேளுங்கள், அதாவது சாரதி ஒரு சின்னத் திருகுச் சில்லை விரலால் திருப்பி நடு டிஃப்பின் பூட்டைக் கூட்டிக் குறைக்கிற வகை. வால் பக்கமாக ஒரு மின் கம்பி வெளியே வந்திருந்தால் அதுதான். அது மின்காந்தத்தில் வேலை செய்கிறது, கட்டுப்படுத்துகிற பெட்டி இல்லாவிட்டால் மின்சாரம் போகாது, மின்சாரம் போகாவிட்டால் நடு டிஃப் திறந்தபடியே நிற்கும். திறந்த டிஃப் என்றால் மாரி காலத்தில் முள்ளியவளைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இறங்கி ஒரு சில்லு சேற்றில் சுற்றத் தொடங்கினால் விசையெல்லாம் அந்தச் சில்லுக்கே போய்விடும், நாலு சக்கர இழுவை இருந்தும் கார் நகராது. ஆகவே கட்டுப்படுத்துகிற பெட்டியும் திருகுச் சில்லும் கம்பியும் சேர்த்து வாங்குங்கள். அல்லது விஸ்கஸ் வகை ஆறு கியரைத் தேடுங்கள், இங்கே ஓடுகிற ஓட்டத்துக்கு அது தலையிடி குறைந்தது, எனக்குக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பாவித்த பொக்ஸை வாங்கும்போது ஒரு ஸ்பீக்கர் காந்தம் கொண்டுபோங்கள். பழைய ரேடியோவிலிருந்து கழட்டியது காணும். ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடிக்கச் சொல்லுங்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள், தங்கத் தூள் போல மினுங்கினால் அது பித்தளை, சிங்க்ரோ வளையத்திலிருந்து (கியர் மாறும்போது சுற்று வேகங்களை ஒத்துப்போக வைக்கிற வளையம்) வருகிறது, கொஞ்சம் இருந்தால் வயது, கூட இருந்தால் இரண்டாம் மூன்றாம் கியர் கரகரக்கும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. பிறகு காந்தத்தை ஒரு துணியில் சுற்றி ஒயிலுக்குள் மெதுவாக இழுங்கள். சாம்பல் நிறத்தில் களி போல ஒட்டினால் பயமில்லை, எல்லாப் பொக்ஸிலும் வரும். விரலால் தேய்க்கும்போது ஊசி போலக் குத்தினால், அரிசிக் குறுணி அளவில் ஒன்று அகப்பட்டால், பொக்ஸை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு தரம் அப்படி ஒரு துண்டு கிடைத்தது, கழுவிப் பார்த்தால் பல்லின் மூலை, உடைந்த முகம் சீனிக்கட்டி போலப் பொருபொருத்திருந்தது. விற்கிறவர் "ஒயில் மாற்றாமல் கிடந்தது, அதுதான்" என்றார். வடிக்க ஒயிலே இல்லாமல் காய்ந்து கிடந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை, யாரோ ஏற்கெனவே வடித்துவிட்டார்கள். முன்னுக்குப் போய்க் கிளச் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், மணி உறையில் போல்ட் காதுகள் உடைந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய பழைய கார்) வெட்டி இறக்கும்போது அந்தக் காதில்தான் அடி விழும்.

பல்லை மட்டும் மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், அவுஸ்திரேலியாவில் பிபிஜி என்ற நிறுவனம் செய்கிற பலமான கியர் செட் ஐந்து கியர் உறைக்குள்ளேயே போகும் என்று. போகும், ரலி ஓடுகிறவர்கள் பாவிக்கிறார்கள். டிஃப், ஷாஃப்ட் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, அது பெரிய வசதிதான். ஆனால் நேராக வெட்டிய பல் எடுத்தால் அது நாள் முழுக்க ஊளையிடும், டொக் வகை (சிங்க்ரோ வளையம் இல்லாதது) என்றால் டவுனுக்குள் ஒவ்வொரு கியருக்கும் அடித்துப் போட வேண்டும். நீங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற காரும் அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுக்குருந்தையிலோ மகாகஸ்தொட்டை மலையிலோ பந்தயம் ஓட மட்டும் வைத்திருக்கிற கார் என்றால் வேறு கதை. உங்களுக்கு அது வேண்டாம்.

ஒயிலில் எங்கள் பக்கம் ஒரு பிழை நடக்கிறது. உழவு இயந்திரத்துக்கு வாங்கி வைத்த கியர் ஒயிலை இதற்குள்ளும் விடுகிறார்கள், "கியர் ஒயில்தானே" என்று. முன் டிஃப் இந்த ஒயிலுக்குள்ளேயே சுற்றுகிறது என்று மேலே சொன்னேன், அந்த ஹைப்பொயிட் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுற்றுபவை, அதற்கு ஜிஎல்-5 தரம் கட்டாயம் வேண்டும். 75டபிள்யூ-90 ஜிஎல்-5 விடுங்கள். ஐந்து கியருக்கு 3.5 லீற்றர், ஆறு கியருக்கு நாலு லீற்றர் அளவு, கடைசி அளவைக் கோலைப் பார்த்து விடுங்கள். ஆர்180க்கு ஒரு லீற்றர், ஆர்160க்கு 0.8. வன்னி வெயிலில், அதுவும் வைகாசி ஆனியில், தார் வீதியின் சூடு அடியிலிருந்து ஏறும்போது மலிவு ஒயில் தண்ணீராகிவிடும், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நாலு ரயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். முன்னுக்குப் புதிது பின்னுக்குப் பழையது என்று போட்டால் மேலே சொன்ன விகித வித்தியாசத்தையே சின்ன அளவில் நீங்களே செய்துகொடுக்கிறீர்கள்.

பூட்டின பிறகு என்ன மாறும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆறு கியர் பாரம் கூட, கார் முன்னுக்குக் கொஞ்சம் கனமாகத் தெரியும். கியர் தடி குளிரில் விறைப்பாக இருக்கும், சூடானதும் வெண்ணெயில் கத்தி. கியரை முன்னையைவிட அடிக்கடி மாற்ற வேண்டி வரும், பழகிவிடுவீர்கள். ஆறாவது கியர் 0.756 உள்ள பொக்ஸ் என்றால் 225/45 ஆர்17 ரயரோடு 100 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,470 சுற்று அளவில் நிற்கும். பழைய ஐந்தில் 0.738உம் 4.444உம் சேர்ந்து 2,750க்குக் கிட்ட வரும். யாழ்ப்பாணம் போய் வரும்போது சத்தத்திலும் பெற்றோலிலும் அது தெரியும். ஆனால் இந்த வேகக் கணக்கெல்லாம் கணக்குக்காகத்தான் சொல்கிறேன். ஏ9இல் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதி நேராகக் கிடக்கிறது என்பதற்காக அங்கே பொக்ஸைச் சோதிக்க வேண்டாம், இரவில் மாடு தாரின் சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும், காட்டுப் பக்கத்தில் யானையும் ஏறும், கறுப்பு நிறம் லைட்டில் தெரியாது. அந்த வீதியில் உயிரை விட்ட ஆட்கள் எனக்குத் தெரிந்தவர்கள்.

பூட்டியதும் முதல் 500 கிலோமீற்றர் மெதுவாக ஓடி, ஒயிலை வடித்து, திரும்பவும் காந்தத்தை இழுத்துப் பாருங்கள். வட்டமாகத் திருப்பும்போது, வெறும் நிலத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது, கார் துள்ளித் துள்ளி இழுத்தால் உடனே நிறுத்துங்கள், விகிதத்தில் பிழை இருக்கலாம் அல்லது நடு டிஃப் பூட்டிக்கொண்டு நிற்கலாம். "ஓட ஓடச் சரிவரும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

இப்போதைக்குக் கொழும்புக்காரருக்குக் காசு அனுப்ப வேண்டாம். பொக்ஸின் மணி உறையில் ஒட்டியிருக்கிற எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், டீவை85 என்று தொடங்க வேண்டும், முழு எண்ணும் தெரிய வேண்டும். உங்கள் பின் டிஃப்பை இந்த ஞாயிற்றுக்கிழமை தூக்கி எண்ணிப் பாருங்கள், சுற்றின எண்ணிக்கையை அப்படியே எழுதி அனுப்புங்கள். இரண்டையும் வைத்துப் பார்த்து, எந்த டிஃப், எந்த ஷாஃப்ட் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.